மனவுறுதி என்னும் போலி மருந்து

கடந்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் என்னோடு ஒரே ஆசிரிய பீடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். தலைப்புக்கு நான்கு சொற்களுக்கு மேல் செலவிடுவது பாவம் என்று நம்பிய துணை ஆசிரியர். பெயரைச் சொன்னால் பழைய வாசகர் சிலருக்கு நினைவு வரக்கூடும். குடும்பத்தவரின் மனம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன். வயது அறுபத்திரண்டு. நோய் சுவாசப்பைப் புற்றுநோய்.

ஒழுங்கையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் நாங்கள் சிலர் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கணக்காளர், பெருமூச்சோடு சொன்னார்: "மனிசன் கெட்டிக்காரன்தான். ஆனால் மனவுறுதி இல்லைத் தம்பி. என்னைப் பாருங்கோ, 1994 இல ஒரு நாள் காலமை எழும்பினன், இனி வேண்டாம் எண்டு நினைச்சன், அதோட விட்டிட்டன்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மரண வீட்டில் வாக்குவாதம் அழகல்ல என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று விழுங்கிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நண்பர் சிகரட்டை விட முயன்றது எனக்குத் தெரிய ஏழு தடவை. வருடப்பிறப்பன்று விட்டார். நல்லூர்க் கொடியேற்றத்தன்று விட்டார். மகளின் சாமத்திய வீட்டன்று விட்டார். ஒருமுறை சபரிமலைக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாட்கள் தொடவில்லை. யாத்திரை முடிந்து கட்டுநாயக்காவில் இறங்கி, விமான நிலைய வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக ஒன்றைப் பற்றவைத்தார். இவருக்கா மனவுறுதி இல்லை? போர்க் காலத்தில், "நாளைக்கு இந்தச் செய்தி வந்தால் நீ இருக்கமாட்டாய்" என்று தொலைபேசியில் ஒரு குரல் சொன்ன இரவிலும், பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டே கதிரையை விட்டு எழுந்த மனிதர் அவர். அந்தச் செய்தி மறுநாள் வந்தது. அவரும் வந்தார். மிரட்டலுக்கு அஞ்சாத ஒருவரை ஒரு துண்டுப் புகையிலை தோற்கடித்தது என்றால், குறையை அவருடைய மனத்தில் தேடுவதா, புகையிலையில் தேடுவதா?

நான் தூரத்தில் நின்று பேசுபவனல்லன். முப்பத்தோராண்டுகள் புகைத்தவன். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர்வரை கப்பலேறிய சரக்கு. எங்களூர்ச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுச் சுற்றுவார்கள் என்று அப்பா சொல்லுவார். புகையிலையும் பத்திரிகையும் எங்கள் மண்ணில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்று நான் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1980களின் இறுதியில், மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக இருந்த பேராதனை வளாகத்தில் முதல் சிகரட்டைப் பற்றவைத்தேன். பிறகு கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். இரவுப் பணியில் பக்கம் அமைக்கும் மேசைக்கு மேலே புகை ஒரு கூரைபோல நிற்கும். தேநீர், சிகரட், தொலைபேசி மணி, மீண்டும் சிகரட். நாளொன்றுக்கு இருபது, நெருக்கடி நாட்களில் முப்பது. பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்த 2006 ஆம் ஆண்டுச் சட்டம் எங்களை மேசையிலிருந்து எழுப்பி மாடிப்படிக்குத் துரத்தியது. அந்தச் சட்டத்தை அன்று திட்டினேன். இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

இனிக் கணக்காளர் ஐயாவின் வாதத்துக்கு வருவோம். எந்த உதவியும் இல்லாமல் சிகரட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவரும் ஒருவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தன்னை மட்டுமே எண்ணுகிறார். ஒரு கணக்காளர் செய்யக்கூடாத பிழை அது. எந்த உதவியும் இன்றி ஒரு தடவை விட முயல்வோரில் ஆறு மாதம், ஓராண்டு தாண்டி நிலைத்து நிற்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் என்பதே ஆய்வுகள் சொல்லும் கணக்கு. மிகுதித் தொண்ணூற்றைந்து பேரும் கோழைகள் என்றால், மனித குலமே கோழைக் குலம் என்று முடிவுசெய்ய வேண்டியதுதான்.

நடப்பது வேறு. சிகரட்டை உறிஞ்சிப் பத்து இருபது வினாடிகளுக்குள் நிக்கொட்டின் மூளையை எட்டிவிடுகிறது. நாளுக்கு இருநூறு, முந்நூறு தடவை இப்படித் தட்டப்பட்ட மூளை, தட்டல் நின்றதும் குழம்புகிறது. எரிச்சல், உறக்கமின்மை, ஒரு வரியைக்கூட ஊன்றி வாசிக்க முடியாத தவிப்பு, காரணமில்லாத துக்கம். முதல் சில நாட்களில் இது உச்சத்துக்கு ஏறி, மூன்று நான்கு வாரங்களில் மெல்லத் தணிகிறது. இந்த வாரங்களைக் கடக்க முடியாமல்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். தாளில் இருப்பதைத் திருத்துவதே தொழிலாகக் கொண்டவன் தாளைப் பார்க்கவே முடியாமல் போனால், மூன்றாம் நாள் இரவு என்ன செய்வான்? பெட்டிக்கடைக்குப் போவான்.

லண்டனைச் சேர்ந்த மைக்கல் ரஸல் என்ற மனநல வைத்தியர் 1976 இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: மனிதர்கள் புகைப்பது நிக்கொட்டினுக்காக, ஆனால் அவர்கள் சாவது தாரினால். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். புற்றுநோயைத் தருவது எரியும் இலையின் புகை. அதில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை உண்டாக்குபவை. கூடவே காபன் மொனொக்சைட்டும் வருகிறது. நிக்கொட்டின் நல்ல பண்டம் என்று நான் சொல்லவில்லை. அது மனிதனைக் கட்டிவைக்கும் கயிறு. ஆனால் கொல்லும் கத்தி வேறு. கயிற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே கத்தியை உடனடியாக அகற்ற முடியும் என்றால், அதைச் செய்யாமல் விடுவது என்ன நியாயம்?

அதைச் செய்யும் மருந்து அரை நூற்றாண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1960களின் இறுதியில் சுவீடனில், புகைக்க முடியாத நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மாலுமிகள் புகையிலையை மென்று சமாளிப்பதைக் கவனித்த ஓர் ஆய்வாளர், மருந்துக் கம்பனியொன்றில் இருந்த தன் நண்பர் ஓவ ஃபேர்னோவுக்கு அதை எழுதினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் நிக்கொட்டின் சூயிங்கம். 1978 இல் சுவிற்சர்லாந்திலும், 1984 இல் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் தோலில் ஒட்டும் பட்டை வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வு, இவ்வகை மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஐம்பது அறுபது வீதம் கூட்டுகின்றன என்கிறது. இது அற்புதமல்ல. ஆனால் நூற்றுக்கு நால்வர் மீள்வதும் ஆறுபேர் மீள்வதும் ஒன்றல்ல. அந்த மேலதிக இருவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கே என் சொந்தக் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

2008 ஆம் ஆண்டு, லண்டனிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட சகோதரர் நிக்கொட்டின் சூயிங்கம் பெட்டியொன்றைக் கொண்டுவந்து தந்தார். நானும் நண்பரும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டோம். இரவுப் பணியில் இருவரும் ஆளுக்கொன்றை வாயில் போட்டு, சிறுபிள்ளைகள் பபிள்கம் மெல்வதுபோல் மென்றோம். மேலே சுடச்சுடத் தேநீர் வேறு. பத்து நிமிடத்தில் இருவருக்கும் விக்கல். தொண்டை எரிந்தது, நெஞ்சு கரித்தது. ஒப்புநோக்குநர் தம்பிமார் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். "வெள்ளைக்காரன்ர வித்தை எங்கட வயித்துக்குச் சரிவராது மச்சான்" என்று சொல்லி நண்பர் தன் பங்கைக் குப்பைக் கூடையில் எறிந்தார். நான் என் பங்கை மேசை லாச்சியில் எறிந்தேன். இருவரும் மாடிப்படிக்குப் போனோம்.

நாற்பத்தொன்பதாவது வயதில் எனக்கு இருமல் நிற்கவில்லை. அரச வைத்தியசாலையொன்றின் மார்பு நோய்ச் சிகிச்சைப் பிரிவில் இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வைத்தியர், "புகைப்பதை உடனே நிற்பாட்டுங்கள்" என்றார். "எப்படி டொக்டர்?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மனத்தைக் கட்டுப்படுத்துங்கள்" என்றார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். வெளியே இன்னும் எண்பது பேர் நின்றார்கள். அவருடைய மேசையில் தருவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, இன்னொரு சிகிச்சை நிலையத்தில், மகளின் வயதையொத்த ஒரு பெண் வைத்தியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். முப்பதாண்டுகளில் எவரும் கேட்டிராத கேள்வி: "ஐயா, காலையில் எழும்பி எத்தனை நிமிசத்தில முதல் சிகரட்?" ஐந்து நிமிடம் என்றேன். "அப்ப உங்களுக்குக் கடுமையான தங்கியிருப்பு. வெறும் கையோட விடச் சொன்னால் முடியாது" என்றார். இருபத்தொரு மில்லிகிராம் ஒட்டுப்பட்டை நாளொன்றுக்கு ஒன்று. அதற்கு மேல், தவிப்பு வரும் நேரத்தில் நான்கு மில்லிகிராம் சூயிங்கம். சூயிங்கத்தை எப்படி மெல்வது என்று அவரே செய்து காட்டினார். மெதுவாகச் சில கடி. நாக்கில் சுருக்கென்று காரம் ஏறியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் தணிந்ததும் மீண்டும் சில கடி. இப்படி அரைமணி நேரம். அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே கோப்பியோ பழரசமோ குடிக்கக் கூடாது. மருந்து வாயின் தோலால் ஊறி உள்ளே போக வேண்டுமே தவிர, வயிற்றுக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் விக்கல் வரும், நெஞ்சு கரிக்கும்.

எல்லாமாகப் பத்து நிமிடம். 2008 ஆம் ஆண்டின் விக்கலுக்கு விளக்கம் அன்றுதான் கிடைத்தது.

மருந்தைத் தேடி ஏறியிறங்கியதில், ஐந்தாவது பாமசியில்தான் அது இருந்தது. விலையைக் கேட்டதும் ஒருகணம் தயங்கினேன். அதே கடைக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் சிகரட் ஒற்றையாகவே கிடைத்தது. அதற்குப் பெட்டிக்கடைகள் ஐந்து ஏறத் தேவையில்லை. பத்து வாரங்கள் பட்டை ஒட்டினேன். இரவிலும் ஒட்டியபடி உறங்கினால் கனவுகள் விசித்திரமாக வரும். முதற்பக்கம் முழுவதும் வெறுமையாக அச்சாகி வருவதுபோல் எனக்கு அடிக்கடி கனவு வந்தது. சூயிங்கத்தை ஏழு மாதங்கள் மென்றேன். அவ்வளவுதான். அப்போது எனக்கு வயது ஐம்பது. இப்போது ஆறு ஆண்டுகளாகின்றன.

பிரித்தானிய ஆண் வைத்தியர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ரிச்சர்ட் டோலும் அவருடைய சகாக்களும் 2004 இல் வெளியிட்ட முடிவு பலருக்குத் தெரிந்திருக்கும். வாழ்நாள் முழுதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். முப்பதில் விட்டால் அந்தப் பத்தும் திரும்பக் கிடைக்கும். நாற்பதில் விட்டால் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. எனக்குக் கிடைத்தது ஆறு. அது மனவுறுதியின் பரிசு என்று எவராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பத்து நிமிடம் ஒதுக்கிய ஒரு வைத்தியரும் மருந்து வாங்கப் பணமும் எனக்கு வாய்த்தன. புறக்கோட்டையில் மூட்டை சுமந்து, இடையிடையே பீடி பற்றவைக்கும் நாட்டாமைக்கு இவையிரண்டும் வாய்ப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவே.

இப்போது அரசிடம் வருகிறேன்.

நம் நாடு புகையிலை விடயத்தில் தூங்கிய நாடல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003 இலேயே ஏற்று உறுதிசெய்தது. 2006 இல் புகையிலை, மதுசார தேசிய அதிகாரசபைச் சட்டத்தை இயற்றியது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுத்தது, விளம்பரத்தை ஒழித்தது. கம்பனியோடு நீதிமன்றம்வரை போராடி, 2015 இல் பெட்டியின் எண்பது வீதத்தைப் படத்துடனான எச்சரிக்கைக்கு ஒதுக்க வைத்தது. பல வகைச் சிகரட்டுகளின் ஒற்றை விலை நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது. இவை அனைத்தையும் நான் வரவேற்கிறேன்.

ஆனால் இவை யாவும் புகைப்பவனைப் பயமுறுத்தும் வேலைகள், அவனுடைய பையை வலிக்கச் செய்யும் வேலைகள். பயந்தவன் ஓடிவந்து கதவைத் தட்டுகிறான். கதவைத் திறக்க உள்ளே யார் இருக்கிறார்கள்? அதே சமவாயத்தின் 14 ஆவது உறுப்புரை, தங்கியிருப்புக்குச் சிகிச்சை வழங்குவதையும் அரசுகளின் கடமையாகச் சொல்கிறது. நிக்கொட்டின் மாற்று மருந்து 2009 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2024 இல் அந்நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, இதனுடன் வரனிக்லின், பியூப்ரோப்பியன், சைற்றிசின் ஆகியவற்றையும் பரிந்துரைக்கிறது. இவற்றில் சைற்றிசின் ஒரு தாவரத்திலிருந்து எடுக்கப்படுவது. கிழக்கு ஐரோப்பாவில் 1960களிலிருந்து பயன்படும் மலிவான மாத்திரை. ஆனால் நான் நோயாளியாகவும் பத்திரிகையாளனாகவும் ஏறியிறங்கிய அரச வைத்தியசாலைகளில் இவற்றில் ஒன்றைக்கூட எவரும் கையில் தந்து நான் பார்க்கவில்லை. சுவரில் கரிய நுரையீரலின் படம் இருந்தது. தொலைபேசி ஆலோசனை இலக்கம் இருந்தது. மருந்து இருக்கவில்லை.

நீரிழிவு நோயாளியிடம், "மனவுறுதியோடு சீனியைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோமா? மெற்போமினும் இன்சுலினும் இலவசமாகக் கொடுக்கிறோம். அதுதான் நாம் உலகுக்குப் பெருமையாகச் சொல்லும் இலவச சுகாதார சேவை. புகைப்பவன் மட்டும் ஏன் அந்தச் சேவைக்கு வெளியே நிற்கிறான்? புகையிலையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 பேர் இறப்பதாக அதிகாரிகளே மேடைதோறும் சொல்கிறார்கள். சிகரட் வரியாக அரசு ஆண்டுக்கு நூறு பில்லியன் ரூபாவுக்கு மேல் பெறுகிறது. அந்தப் பணத்தைக் கட்டுபவன் யார்? நாளுக்கு இருபது சிகரட் பிடிப்பவன் மாதம் அறுபதாயிரம் ரூபாவை ஊதித் தள்ளுகிறான். அதில் பெரும்பகுதி திறைசேரிக்குப் போகிறது. அவன் கட்டிய வரியில் ஒரு துளியை அவனுக்கே மருந்தாகத் திருப்பிக் கொடுப்பது தானமல்ல, கடன் தீர்ப்பது.

இனி மின்-சிகரட். இங்கேதான் இரு பக்கத்தாரும் என்மீது கோபிக்கப் போகிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகனுடைய பென்சில் பெட்டிக்குள் யூ.எஸ்.பி. போன்ற ஒரு சிறு கருவி கிடந்தது. மாம்பழ வாசம். "மாமா, இது சிகரட் இல்லை, வெறும் ஆவிதான்" என்றான். இணையத்தில் பதிந்தானாம். மோட்டார் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்களாம். அவன் தன் வாழ்நாளில் ஒரு சிகரட்டையும் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கருவியை வாங்கி வைத்த அன்று மாலை, நாங்கள் மூன்றாம் நாளில் படும் அதே தவிப்பை அந்தப் பதினெட்டு வயது முகத்தில் கண்டேன். இத்தனைக்கும் புகையிலை கொண்ட மின்-சிகரட்டுகளை வர்த்தமானி மூலம் 2016 ஆம் ஆண்டிலேயே தடைசெய்த நாடு இது.

ஆகவே, மின்-சிகரட்டை மிட்டாய்போல் விற்க அனுமதி கேட்பவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. சுதந்திர விற்பனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா காட்டியது. 2019 இல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவரில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேல் அதைப் பயன்படுத்தினர். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், ஜூல் என்ற மின்-சிகரட் கம்பனியின் 35 வீதப் பங்கை 12.8 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது மார்ல்பரோ சிகரட்டின் உரிமையாளரான அல்ட்ரியா. நம் நாட்டுச் சிகரட் கம்பனியின் எண்பது வீதத்துக்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருக்கும் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனி, வேறு நாடுகளில் மின்-சிகரட்டும் விற்கிறது. நிக்கொட்டின் சூயிங்கம் தயாரிக்கும் டென்மார்க் நிறுவனமொன்றை 2021 இல் வாங்கியது பிலிப் மொரிஸ். தீ வைப்பவனே தண்ணீரும் விற்க வருகிறான். அவன் தரும் வாளியை எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் மறுபக்கத்து உண்மையையும் மறைக்கக் கூடாது. மின்-சிகரட்டை இன்றைய வடிவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். ஆண்டு 2003. அவருடைய தந்தை சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தவர். இங்கிலாந்தில் 886 புகைப்பவரை இரு குழுவாகப் பிரித்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2019 இல் வெளிவந்தது. ஓராண்டின் பின் மின்-சிகரட் பெற்றவரில் 18 வீதத்தினரும், பட்டையும் சூயிங்கமும் பெற்றவரில் 9.9 வீதத்தினரும் சிகரட்டை விட்டிருந்தனர். ஏறத்தாழ இரு மடங்கு. கொக்ரேன் தொகுப்பாய்வும் இதே திசையைக் காட்டுகிறது: நூற்றுக்கு எட்டு முதல் பத்துப்பேர் மின்-சிகரட்டால், ஆறுபேர் பட்டை சூயிங்கத்தால், நால்வர் மருந்தில்லாமல். அதே இங்கிலாந்துப் பரிசோதனையின் இன்னொரு வரியையும் வாசியுங்கள். சிகரட்டை விட்டவர்களில், மின்-சிகரட் குழுவில் 80 வீதத்தினர் ஓராண்டின் பின்னும் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தனர். மற்றக் குழுவில் மருந்தைத் தொடர்ந்தவர் 9 வீதம் மட்டுமே. கத்தி போய்விட்டது, கயிறு அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் 2019, 2020 இல் 2,800 பேரைப் படுக்கையில் தள்ளி, 68 பேரைக் கொன்ற நுரையீரல் நோயைக் காட்டி, "பார்த்தீர்களா, சிகரட்டே மேல்" என்று சொல்வோர் உண்டு. அந்த நோய்க்கு முதன்மைக் காரணம் கள்ளச் சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்த விற்றமின் ஈ அசற்றேற் என்பது பின்னர் தெரியவந்தது. பிரித்தானிய ராஜரீக வைத்தியர் கல்லூரி 2016 இல், மின்-சிகரட்டின் நெடுங்காலத் தீங்கு சிகரட்டின் தீங்கில் ஐந்து வீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என மதிப்பிட்டது. அது மதிப்பீடு மட்டுமே. இருபது ஆண்டு வயதான ஒரு பொருளுக்கு நாற்பது ஆண்டுக் கணக்கு எழுத முடியாது. எரியும் புகையிலையைவிடத் தீங்கு குறைவு என்பது ஒரு கூற்று. தீங்கற்றது என்பது வேறு கூற்று. முதலாவது உண்மை, இரண்டாவது விளம்பரம்.

என் மருமகனுக்கு அந்தக் கருவி உள்ளே போகும் வாசல். ஏழு தடவை தோற்ற என் நண்பருக்கு அது வெளியே வரும் வாசலாக இருந்திருக்கக் கூடும். ஒரே பொருள்தான். யாருடைய கையில், யாருடைய மேற்பார்வையில், எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் கேள்வி. அவுஸ்திரேலியா 2024 இல் அதைக் கடைகளிலிருந்து அகற்றி மருந்தகத்துக்குள் வைத்தது. பிரித்தானியா, வளர்ந்தவர்கள் புகையை விட அதை ஊக்குவித்துக்கொண்டே, ஒருதடவை பாவித்து எறியும் மின்-சிகரட்டை 2025 ஜூனில் தடைசெய்தது. வேறுபடுத்திப் பார்க்க அவர்களால் முடிகிறது. நாமோ தடை என்று எழுதிவிட்டு மோட்டார் சைக்கிள்காரனை ஓடவிடுகிறோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஒன்று: ஒட்டுப்பட்டையும் சூயிங்கமும் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். செலவைச் சிகரட் வரியிலிருந்து எடுங்கள். மலிவான சைற்றிசினையும் கொண்டுவாருங்கள். இரண்டு: மருந்தோடு பத்து நிமிடமும் வேண்டும். வைத்தியருக்கு நேரமில்லை என்றால் தாதியரைப் பயிற்றுங்கள், மருந்தாளரைப் பயிற்றுங்கள். மெல்லும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். கருவுற்றவர்களும் இருதய நோயாளரும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். மூன்று: மின்-சிகரட்டைக் கடையில் விற்பவனையும் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவனையும் பிடியுங்கள். பிடிபட்ட பிள்ளைக்குத் தண்டனை வேண்டாம், சிகிச்சை கொடுங்கள். நான்கு: எல்லா மருந்தும் தோற்ற, வளர்ந்த புகையாளருக்கு மட்டும், மாம்பழ வாசமும் மின்னும் உறையும் இல்லாமல், முடிவுத் திகதி குறித்து, விசேட வைத்தியர் அதை எழுதிக்கொடுக்க இடமுண்டா என்று நிபுணர் குழுவொன்று ஆராயட்டும். அந்த மேசையில் கம்பனிக்காரருக்கு மட்டும் கதிரை போடாதீர்கள்.

"ஓர் அடிமைத்தனத்துக்கு இன்னோர் அடிமைத்தனமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஏழு மாதம் சூயிங்கத்துக்கு அடிமையாக இருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு மாதமும் நான் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை.

நான் விட்ட பிறகு நண்பரிடம் போனேன். அப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். பட்டையைப் பற்றியும் சூயிங்கத்தைப் பற்றியும் சொன்னேன். சிரித்தார். "அதெல்லாம் அண்டைக்கே பார்த்தாச்சே மச்சான். விக்கல்தான் வந்தது" என்றார். இல்லை, நாம் மென்ற முறைதான் பிழை என்று விளக்க முயன்றேன். கையை அசைத்து மறுத்தார். ஒரு தடவை வேலைசெய்யாத மருந்தை மனிதன் இரண்டாம் தடவை நம்புவதில்லை. 2008 இல் அந்தப் பெட்டியோடு பத்து நிமிட விளக்கமும் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதை அவர் குப்பைக் கூடையில் எறிந்தபோது நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

கணக்காளர் ஐயா, உங்களுக்கு 1994 இல் ஒரு காலை நேரம் போதுமாயிருந்தது. நல்லது. என் நண்பருக்கு மருந்து தேவைப்பட்டது. நோயாளிக்கு மருந்து தேவைப்படுவதை எங்களூரில் எவரும் குற்றமென்று சொல்வதில்லை.